ஊற்றும் இரண்டு கணினிகளும்

சாரி-புலாக்
அக்டோபர் 14, 2019

எஜே,

இங்கே எல்லோரும் நலம். நான் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். பெரியவரை அடக்கம் செய்த நாளிலிருந்து ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது உதவி கேட்டு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உண்மை அதுதான்.

ஊற்றுக்குக் கீழே மீன்பண்ணை வைத்திருக்கும் துர்சுன்பெக்கை உங்களுக்குத் தெரியும். ஊற்று நீரைக் குழாய் போட்டுக் குளிர்காலம் முழுவதும் தன் குளங்களுக்குத் திருப்ப அனுமதி கேட்டிருக்கிறார். அங்கே எப்போதும் தேவைக்கு மேல் தண்ணீர் இருக்கிறது என்கிறார். நவம்பர் 15 அன்று ஆத்-பாஷியில் நீர்க்குழு கூடி முடிவு செய்யும். ஜனவரியில் ஊற்று எவ்வளவு சுருங்கும் என்பதற்கு ஊரில் ஒரே சான்றுதான் உண்டு. பத்து நாளுக்கு ஒருமுறை அளவுப் பலகையில் பார்த்துப் பெரியவர் பதிந்து வந்த நீர்மட்டம். முப்பது வருடத்து அளவும் அவருடைய பழைய கணினியில்தான் இருக்கிறது. குறித்த காகிதமெல்லாம் கணினியில் ஏற்றியதும் அடுப்புக்குப் போய்விட்டது. நவம்பர் 11க்குள் ஃபைலாகவே கொடுக்க வேண்டுமாம். ஃபோட்டோ எடுத்தது, கையால் எழுதியது எதையும் ஏற்க மாட்டார்களாம்.

அந்தக் கணினியில் பென் டிரைவ் செருகும் துளைகள் இரண்டும் வேலை செய்யவில்லை. இணையத்துக்குப் போனால் அஞ்சல் பக்கம் எதுவும் அதில் திறப்பதில்லை. மிகப் பழசாம். உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம் வேறு. நம் சாலையில் தூக்கிக்கொண்டு போனால் வந்து சேராது.

உங்கள் தம்பி யெகாதெரின்பர்க்கிலிருந்து எனக்கொரு லேப்டாப் அனுப்பியிருக்கிறார். ஒரே வைஃபையில் இருந்தால் ஒரு கணினியின் ஃபைலை இன்னொன்று எடுத்துக்கொள்ளும் என்று அவர்தான் சொன்னார். பெரியவரின் ஃபோல்டரைப் பகிர்வதற்குத் திறந்து வைத்தேன். லேப்டாப்பில் தேடினால் அப்படியொரு கணினியே வீட்டில் இல்லை என்பது போல இருக்கிறது.

உங்கள் எண்ணை என் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். எடுத்துவிடலாம், இன்னும் கை வரவில்லை. மின்னஞ்சல் போட்டால் உங்கள் பதில் உடனே வந்துவிடும். காகிதம் என்றால் நடுவில் இரண்டு மூன்று நாள் கிடைக்கும், எனக்கு அது வேண்டும். பிஷ்கெக் வண்டி ஓட்டும் ஜொல்தோஷிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஜிபார்


பிஷ்கெக்
அக்டோபர் 17

ஜிபார்,

உன் கடிதம் வந்தது. உறைமேல் ‘பல்கலைக்கழகத்தில் கணினி கற்பிக்கும் எஜேக்கு’ என்று மட்டும் இருந்தது. இங்கே கணினி கற்பிக்கும் அக்காமார் நால்வர். வாயிற்காவலர் மற்ற மூவரிடமும் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொண்டுவந்தார். இருபது வருட உறவுக்குப் பிறகு என் பெயரை எழுதக்கூட உனக்கு மனமில்லை என்றால் இருக்கட்டும். வேலைக்கு வருகிறேன்.

உன் கணவன் தாலாய் சொன்னது சரி, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டும் உண்மையிலேயே ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று முதலில் பார். இரண்டின் திரையிலும் வலது கீழ்மூலையில் வைஃபை குறியை அழுத்தினால் பெயர் வரும். இரண்டு பெயரையும் எழுத்து மாறாமல் எனக்கு எழுது. ‘என்னவோ வந்தது’ என்று எழுதாதே. உன் மருத்துவமனையில் நோயாளி ‘எங்கேயோ வலிக்கிறது’ என்றால் நீ என்ன செய்வாய்?

நான் நேரில் வர இயலாது. பாடவேளைகள் இருக்கின்றன.

புருல்சா


சாரி-புலாக்
அக்டோபர் 20

எஜே,

நீங்கள் சந்தேகப்பட்டது போலவே இரண்டும் வேறு வேறு வைஃபையில் இருந்தன. பழைய கணினியில் வீட்டின் பெயர் இருக்கிறது. லேப்டாப்பில் அதே பெயர், பக்கத்தில் ‘விருந்தினர்’ என்று ஒட்டியிருக்கிறது. ரவுட்டர் மாட்டிய ஆள் பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்த சீட்டில் இரண்டு வரி இருந்தது, நான் கீழ்வரியைப் போட்டிருக்கிறேன். விருந்தினருக்கு வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டாமல் இருப்பதுதான் அதன் வேலையாம். நம் ஊரில் இப்படி ஒன்றை விலைக்கு விற்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

லேப்டாப்பை மேல்வரிக்கு மாற்றினேன். அப்போது ஒரு கேள்வி வந்தது. நீங்கள் எழுத்து மாறாமல் கேட்டீர்கள், இதோ: ‘இந்த நெட்வொர்க் தனிப்பட்டதா, பொது இடமா?’ நான் பொது இடம் என்று அழுத்தினேன். காலையில் தடுப்பூசிக்கு வந்தவர்கள் ஐந்து பேர், மாடு தேடி வந்தவர் ஒருவர், மீட்டர் பார்க்க வந்தவர், எல்லோரும் நம் அடுப்படியில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு எதை அழுத்துவது?

பழைய கணினி இன்னும் லேப்டாப்பில் தெரியவில்லை.

ஜிபார்


பிஷ்கெக்
அக்டோபர் 23

ஜிபார்,

பொது இடம் என்ற பதிலைப் படித்துச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டைப் பற்றி அது சரி. கணினிக்கு அது வேறு செய்தி. பொது இடம் என்றால் ரயில் நிலையத்தில் நிற்பது போலக் கணினி தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், யாரையும் பார்க்காது, யாருக்கும் தெரியாது. இரண்டிலும் ‘தனிப்பட்டது’ என்று மாற்று.

பிறகும் தெரியாவிட்டால் பெயரால் தேடாதே, எண்ணால் கூப்பிடு. பழைய கணினியின் நெட்வொர்க் விவரத்தில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் இருக்கும். லேப்டாப்பில் ஃபோல்டர் முகவரி எழுதும் பட்டையில் இடப்பக்கம் சாய்ந்த கோடு இரண்டு போட்டு அந்த எண்களை எழுது.

கதவு திறந்தால் ஒரு சிறு பெட்டி பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பழைய கணினியில் யார் பெயரில் கணக்கு இருக்கிறதோ அந்தப் பெயர்தான் செல்லும். அதை அப்பாவுக்கு 2009இல் நான்தான் அமைத்துக் கொடுத்தேன். பெயர்: கெரிம்குல். பாஸ்வேர்டைத் தனித் தாளில் எழுதி இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். உள்ளே போனதும் முழு ஃபோல்டரையும் நகலெடு.

இது முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

புருல்சா


சாரி-புலாக்
அக்டோபர் 27

எஜே,

எண்ணால் கூப்பிட்டதும் பழைய கணினி பதில் சொன்னது. நீங்கள் சொன்ன சிறு பெட்டியும் வந்தது. ஆனால் உள்ளே விடவில்லை. ‘பயனர் பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு’ என்கிறது. வியாழனிலிருந்து பதினோரு முறை முயன்றுவிட்டேன்.

நேற்று துர்சுன்பெக் செய்தித்தாளில் இரண்டு மீன் சுற்றிக்கொண்டு வந்தார். ரொட்டியை வெண்ணெயில் தோய்த்துச் சாப்பிட்டு, மூன்று கிண்ணம் தேநீர் குடித்து, பொறுமையாகத்தான் பேசினார்.

“மருமகளே, தண்ணி ஊருக்கும் வேணும், மீனுக்கும் வேணும். பனி விழுந்தப்புறம் அங்க எவ்வளவு வருதுன்னு யார் கண்டா?”

எனக்குத் தெரியும் என்றேன்.

“உங்க மாமனார் அளந்தாரும்பீங்க. அந்த மனுஷன் வீட்டுல இருக்க முடியாம காத்து வாங்கப் போனாரு. கேட்டா அளக்கறேம்பாரு.”

நான் நான்காவது கிண்ணத்தை நிறைத்து ஊற்றினேன். விளிம்பு வரை ஊற்றினால் கிளம்பச் சொல்கிறார்கள் என்று நம் ஊரில் யாருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே எழுந்து போனார். மீனை மருத்துவமனைக் காவலாளிக்குக் கொடுத்துவிட்டேன்.

டிக் டிக் சத்தம் இப்போது பக்கத்து அறைக்கும் கேட்கிறது. அணைத்தால் திரும்ப எழாது என்ற பயத்தில் அணைக்காமலே வைத்திருக்கிறேன்.

ஜிபார்


பிஷ்கெக்
அக்டோபர் 30

ஜிபார்,

பெயர் சரி, பாஸ்வேர்டு சரி என்றால் உள்ளே விட்டாக வேண்டும். விடவில்லை என்றால் இரண்டில் ஒன்று நீ அடித்தபடி இல்லை. விசைப்பலகை ரஷ்ய எழுத்தில் இருக்கிறதா, லத்தீன் எழுத்தில் இருக்கிறதா என்று பார். பாஸ்வேர்டில் இரண்டாவது எழுத்து பெரியது. பெயருக்குப் பின்னால் இடைவெளி விழுந்தாலும் ஏற்காது.

கடந்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். மீனுக்கு ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பெட்டியில் நீ என்ன அடித்தாய் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. நீ எதையோ சொல்லாமல் விடுகிறாய். இருபத்தைந்து வருடமாக மாணவர்களிடம் இதைப் பார்க்கிறேன், இயந்திரம் பொய் சொல்வதில்லை.

போன வருடமே அந்தக் கணினியை நான் எடுத்துப் போயிருந்தால் இன்று இந்த நிலை இல்லை. நீதான் வாசலை மறித்தாய். அது என் தந்தையின் கணினி.

புருல்சா


சாரி-புலாக்
நவம்பர் 2

எஜே,

விசைப்பலகை லத்தீனில்தான் இருக்கிறது. இரண்டாவது எழுத்தைப் பெரியதாகத்தான் அடித்தேன். இடைவெளி விழவில்லை.

இயந்திரம் நின்றுவிட்டால் எண்களாவது மிஞ்சட்டும் என்று திரையைப் பார்த்துக் கையால் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முந்நூறு வரி முடிந்திருக்கிறது. குழு ஏற்காது என்று தெரியும்.

உங்களுக்கு நேரம் கெடுகிறது. நீங்கள் எழுத வேண்டாம்.

ஜிபார்


பிஷ்கெக்
நவம்பர் 4

ஜிபார்,

இந்த முறை உறையில் ஒன்றுமே எழுதவில்லை. ஜொல்தோஷ் தானே படியேறி வந்து கொடுத்தார். அடுத்த தடவையாவது என் பெயரை எழுதச் சொல்லுங்கள் என்றேன். அந்த மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“என்ன எஜே, படிச்சவங்க நீங்க. நாத்தனார் பேரை மருமக எப்படி எழுதும்? எங்கப்பா பேர்ல ஒரு ஸ்டாப் இருக்கு. எங்க வீட்டுக்காரி இருபது வருஷமா ‘அந்த வளைவுல நிறுத்துங்க’ன்னுதான் எறங்குது.”

அவர் போன பிறகு அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். இருபத்தைந்து வருடத்தில் அது முதல் முறை.

உன் கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அப்பா எல்லா இடத்திலும் ‘பெரியவர்’. தாலாய் ‘உங்கள் தம்பி’. நான் ‘எஜே’. நம் வீட்டார் பெயர் ஒன்றுகூட இல்லை. உன் மாமனாரின் பெயரை நீ வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதில்லை. நானோ, அதை எட்டு எழுத்தாகத் தட்டு என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, விழுங்க வேண்டிய பெயர் எனக்கு இருந்ததில்லை. அதனால் மறந்தே போயிற்று. இந்த வழக்கத்தை நான் நம்புவதில்லை, அதை உன்னிடம் மறைக்கவும் போவதில்லை. ஆனால் நீ சொல்லாமல் விட்டது எதுவென்று நான் கேட்ட விதம் தவறு.

இனி வழி எளிது. அந்தக் கணினி திறந்துதான் இருக்கிறது, அதனால் எதையும் நீ அடிக்க வேண்டியதில்லை. ‘பயனர் கணக்குகள்’ என்ற இடத்தில் புதிதாக ஒரு கணக்கு உண்டாக்கு. உனக்குத் தோன்றிய பெயர் வை. பாஸ்வேர்டு கட்டாயம் வை, காலியாக விட்டால் வலைவழியே உள்ளே விடாது. பிறகு ஃபோல்டரின் பகிர்வுப் பட்டியலில் அந்தப் புதுப் பெயரைச் சேர். லேப்டாப்பின் பெட்டியில் அதையே கொடு.

பதினோரு முறையும் என்னதான் அடித்தாய்?

புருல்சா


சாரி-புலாக்
நவம்பர் 6

எஜே,

திறந்துவிட்டது. பதினாறு நிமிடம் நகலெடுத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், குழந்தை பிறக்கும்போது நிற்பது போல. ஃபைலை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். கடிதம் ஜொல்தோஷோடு வருகிறது.

கேட்டீர்களே, சொல்கிறேன். முதலில் ‘பெரியவர்’. பிறகு ‘தாத்தா’. பிறகு அவர் தொப்பியின் பெயர், அவர் குதிரையின் பெயர். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு முதல் எழுத்தை அடித்தேன், விரல் அங்கேயே நின்றுவிட்டது. மருத்துவமனையில் அந்தப் பெயரில் இரண்டு நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்கள் அட்டையில்கூட எண்தான் போடுவேன். ஊரில் யாரும் ஏனென்று கேட்டதில்லை. உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்.

புதுக் கணக்குக்குப் பெயர் யோசிக்கும்போது மேசைமேல் உப்புக் கிண்ணம் இருந்தது. அதனால் அதன் பெயர் ‘உப்பு’.

ஜிபார்


பிஷ்கெக்
நவம்பர் 8

ஜிபார்,

ஃபைல் முழுதாக இருக்கிறது. 1989 முதல் 2019 அக்டோபர் வரை ஒரு தேதியும் விடுபடவில்லை. ஜனவரி, பிப்ரவரி அளவுகளைத் தனியே எடுத்து வரைபடம் போட்டு, அச்சடித்து இத்துடன் அனுப்புகிறேன். குழுவுக்கு மின்னஞ்சலும் போயிற்று, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்துவிட்டது. முப்பது குளிர்காலத்தில் இருபத்தேழில் மட்டம் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே. ஊருக்கே போதாத தண்ணீர்.

ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் அளந்தவரின் முதலெழுத்தை அப்பா போட்டிருக்கிறார். 2012 மார்ச் வரை ‘கெ’. அதன் பிறகு ஒன்றுவிடாமல் ‘ஜி’. அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்தது அந்த மார்ச்சில். நீ ஏழரை வருடம் அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறாய், அவர் மேசையில் இருந்து பதிந்திருக்கிறார். அவர் போன பிறகும் நீ நிறுத்தவில்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2018 செப்டம்பர் 20க்கு ஒரு வரி இருக்கிறது. பதினான்கு சென்டிமீட்டர். அன்றுதான் அப்பாவை அடக்கம் செய்தோம். கூடாரத்தில் இருநூறு பேர் இருக்கும்போது வீட்டு மருமகள் ஒரு மணி நேரம் எங்கே தொலைந்தாள் என்று, முற்றத்தில் எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன். துக்கமில்லாதவள் என்றும் சொன்னேன். நீ செருப்பில் சேறோடு நின்றாய். கணினியைத் தர மாட்டேன் என்றது மட்டும்தான் நீ பேசியது. அடுத்த வரியை வேறெங்கு பதிவாய்?

அன்று நான் சொன்னது தவறு. வருட நினைவுக்கு வராமல் இருந்ததும் தவறு. இதைவிட நன்றாக எழுத எனக்குத் தெரியவில்லை.

15ஆம் தேதி நான் வரட்டுமா என்று யோசித்தேன். வரப்போவதில்லை. அளந்தது நீ. நீ போ.

புருல்சா


சாரி-புலாக்
நவம்பர் 16

எஜே,

நேற்று நடந்ததை எழுதுகிறேன். உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனால் இதைத் தொலைபேசியில் சொன்னால் சரியாக வராது.

குழுத் தலைவர் பிஷ்கெக்கிலிருந்து வந்த பொறியாளர். உங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது இப்படியென்றால் குளிர்காலக் குழாய்க்கு வழியே இல்லை என்றார். உடனே துர்சுன்பெக்கின் வக்கீல் எழுந்தார். இவை கணினியில் தட்டிய எண்கள், யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து தட்டலாம், ஒருவர் நேரில் போய் அளந்தார் என்பதற்கு என்ன சாட்சி என்றார். தலைவருக்கும் அது நியாயமாகப் பட்டது. குடும்பத்துக்கு வெளியே யாராவது பார்த்தார்களா என்று என்னைக் கேட்டார். ஆள் கூட்டி வர வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இல்லை என்றேன். எண்களைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாமல் போகலாம் என்றார்.

எதற்கும் பதிவில் இருக்கட்டும் என்று விவரம் கேட்டார். 2012 மார்ச்சுக்குப் பிறகு அளந்தது யார்? நான், ஜிபார் என்றேன். அதற்கு முன்பு? என் மாமனார் என்றேன்.

“பேர் சொல்லுங்கம்மா.”

தாளில் இருக்கிறது என்றேன்.

“தாள்ல இருக்கு. நீங்க வாயால சொல்லி உறுதி செய்யணும், அதான் முறை.”

எஜே, ஊற்றுக்காகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. கூடத்தில் நம் ஊர்க்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பொறியாளருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. மாமனார் பெயரே தெரியாதா என்று மறுபடி கேட்டார்.

எதிர்வரிசையில் துர்சுன்பெக்குக்குத்தான் அதைப் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

“அந்தப் பொண்ணை ஏன்யா நிக்க வச்சுப் பாடாப் படுத்தறீங்க? மருமக மாமனார் பேரைச் சொல்லுமா? கெரிம்குல்னு எழுதுங்க. பத்து நாளைக்கு ஒரு தடவை அந்தப் பலகைகிட்ட மண்டி போட்டு உக்காந்திருப்பாரு, பனி கொட்டினாலும் சரி. நான் கண்ணால பாத்திருக்கேன். அவருக்கு நடக்க முடியாமப் போனப்புறம் இந்தப் பொண்ணு.”

வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் செயலர் முழுவதையும் எழுதிவிட்டாள். தலைவர் துர்சுன்பெக்கின் பெயரையும் கேட்டு, சாட்சி என்று அதற்குக் கீழே எழுதச் சொன்னார். அப்போதுதான் அவருக்குத் தான் செய்தது புரிந்தது என்று நினைக்கிறேன். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். சொன்னதை மறுக்கவில்லை.

அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை குழாய் கிடையாது என்று முடிவானது. கோடையில் மட்டம் இருபதைத் தாண்டும் நாட்களில் மட்டும் அவர் எடுத்துக்கொள்ளலாம். அளவை நான் பதிந்து அனுப்ப வேண்டும்.

கூட்டம் முடிந்தபோது ஊருக்குத் திரும்ப வேறு வண்டி இல்லை. அவரே ஏறிக்கொள்ளச் சொன்னார். பாதி வழியில், சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“மே மாசம் அங்க எவ்வளவு வருது?”

கடைசி வாரத்தில் இருபத்திரண்டு என்றேன்.

“ஜூன்?”

முப்பத்தொன்று என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்தினார். சிகரெட் பெட்டியைக் கிழித்து, அட்டையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமாகச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

ஜிபார்